வாக்கெடுப்பு நாளில் வந்த துடக்கு

கந்தப்புவின் மூச்சு நின்ற அந்த விடியற்காலையில் அறைக்குள் நின்றவர்கள் ஐந்து பேர். அவருடைய தம்பி கனகசபாபதி. அவருடைய ஒரே மகள் நாகேஸ்வரி. காலஞ்சென்ற இன்னொரு தம்பியின் மகன், வழக்குப் பேசும் புரொக்டர் பஞ்சலிங்கம். பஞ்சலிங்கத்தின் மனைவி மீனாம்பிகை. அவனுடைய தேர்தல் ஏசண்டு தம்பிராசா. பின்னாளில் தானும் கால்மாட்டில் நின்றதாகச் சொல்லித் திரிந்த எவரும் அன்று அந்த வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கவில்லை.

ஐவரில் தம்பிராசா மட்டும் அந்நியன். சாவு வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்றால், அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு.

அந்தத் தொகுதியின் யோக்கியதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முந்திய சட்டநிரூபண சபைக் காலத்தில் காணியும் படிப்பும் உள்ளவனுக்குத்தான் வாக்கு. சபைக்கு யார் போவது என்பதை நாலு வீட்டார் கூடிப் பேசி முடிப்பார்கள். அந்த நாலில் கந்தப்புவின் வீடு ஒன்று. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டில் இருபத்தொரு வயதான எல்லோருக்கும் வாக்கு வந்தது. உடனே இளந்தாரிமார் கிளம்பி, பூரண சுயராச்சியம் தராத சபை எங்களுக்கு வேண்டாம் என்று பகிஷ்காரம் செய்தார்கள். "இந்தச் சபை வெள்ளைக்காரனின் எச்சில் இலை" என்று முற்றவெளியில் தொண்டை கிழியக் கத்தியவன் பஞ்சலிங்கம். ஒருவரும் வேட்பாளராக நியமனம் கொடுக்கவில்லை. சபையில் தொகுதிக்கான கதிரை வெறுமனே கிடந்தது. மூன்று வருடம் கழித்து, சரி, தேர்தல் வைக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னதும், அதே இலைக்கு முதல் ஆளாய்ச் சம்மணம் கட்டி உட்கார்ந்தவனும் அவன்தான்.

எதிர்த்து நின்றவர் அருளம்பலம். மலாயா றெயில்வேயில் இருந்து பென்சனோடு வந்தவர். சொந்த வளவின் எல்லை எது என்று அயலவனைக் கேட்டு அறிகிற மனிதர். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வாக்கெடுப்பு முதலில் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் நடப்பதாக இருந்தது. பஞ்சலிங்கம் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மனு எழுதி, அதைக் கோயில் மேற்கு வீதி மடத்துக்கு மாற்றுவித்தான். சைவப் பெண்கள் வேதக்காரரின் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கமாட்டார்கள் என்பது மனுவில் எழுதிய காரணம். கோயில் வீதிக்குள் ஊரார் விடாத சனம் வாக்குப் போடவும் வராது என்பது எழுதாத காரணம். கனகசபாபதிக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தார். வீட்டுக்குக் கதிரை வரவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. வாழ்நாளில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டறியாத மனிதர், அந்த ஆனி மாதம் முழுவதும் படலை படலையாகப் போய் "எங்கடை பெடியனுக்கு, பச்சைப் பெட்டியிலை போடுங்கோ" என்று கேட்டிருந்தார். பச்சைப் பெட்டி பஞ்சலிங்கத்துடையது, சிவப்புப் பெட்டி மலாயாக்காரருடையது.

கந்தப்புவின் கண்களைக் கனகசபாபதி மூடிவிட்டார். நாகேஸ்வரி "ஐயோ, என்ரை அப்பு" என்று வாயெடுத்தாள். தம்பிராசா பாய்ந்து கதவைச் சாத்தினான்.

"பிள்ளை, இப்ப அழாதை. பின்னேரம் ஆறுதலா இருந்து அழலாம்."

நாகேஸ்வரி அவனைப் பார்த்த பார்வைக்கு மானமுள்ளவன் படலையைத் தாண்டியிருப்பான். அவன் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

பஞ்சலிங்கம் சிற்றப்பனின் கையைப் பிடித்தான். "குஞ்சியப்பு, கொஞ்சம் யோசியுங்கோ. இப்ப பறை அடிச்சால் எங்கடை பங்காளியள் எல்லாருக்கும் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு ஒருத்தரும் கோயில் வீதியிலை கால் வைக்கேலாது. மடம் வீதிக்குள்ளை இருக்கு. எங்கடை சனத்தின்ரை வாக்கு அவ்வளவும் போச்சு."

"மடத்துக்கு மாத்துவிச்சது ஆர்?"

"அது நான்தான். இப்பிடி வருமெண்டு கண்டனானே? பெரியப்பு ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

"ஓம். உன்னட்டைத் தவணை கேட்டுச் சாகேல்லை. பிழைதான்."

மீனாம்பிகை இடையில் வந்தாள். "மாமா, அஞ்சு மணியோடை வாக்கெடுப்பு முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு செத்ததெண்டு வைச்சால் ஆருக்கு நட்டம்?"

"அவருக்குத்தான், பிள்ளை." கனகசபாபதி அண்ணனின் முகத்தைக் காட்டினார். "இப்ப தசமி. காலமை பத்து மணியோடை ஏகாதசி பிறந்திடும். பின்னேரம் செத்தாரெண்டு சொன்னால் திவசம் ஏகாதசியிலை வரும். செத்த திதி ஒண்டு, படைக்கிற திதி இன்னொண்டு. வருசா வருசம் இந்த மனுசன் பசியோடை வந்து திரும்பிப் போறதோ, உன்ரை புருசன் கொழும்பிலை கதிரையிலை இருக்கிறதுக்கு?"

"உந்தத் திதிக் கதையை இந்தக் காலத்திலை ஆர் பாக்கினம்?" என்றான் பஞ்சலிங்கம்.

"நீதான் பாத்தனி. நல்ல திதி பாத்துத்தானே நியமனம் குடுத்தனி."

புரொக்டர் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினான். கோர்ட்டில் பேசுவதற்குக் கூலி உண்டு, இங்கே கிடையாது. கனகசபாபதி ஒரு கணம் தயங்கினார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கேட்டுத் திரிந்த படலைகள் எல்லாம் அவர் மனதில் வந்து போயின. அவ்வளவு கேவலமும் வீணாகப் போகிறதே என்ற நினைப்பும் வந்தது. பிறகு தாமே கதவைத் திறந்தார். முற்றத்தில் நின்ற வேலையாளைக் கூப்பிட்டு, பறைமேளத்துக்கு ஆளனுப்பச் சொன்னார், உறவினர் வீடுகளுக்கு இழவு சொல்லச் சொன்னார். நாகேஸ்வரியைப் பார்த்து, "அழு, பிள்ளை" என்றார்.

"எங்கடை குடும்பத்தைக் கெடுத்துப்போட்டியள்" என்றான் பஞ்சலிங்கம்.

"குடும்பத்தைப் பற்றிக் கதைக்கிறியோ? பெத்தவன் செத்தபிறகு உனக்குச் சோறு போட்டு, சட்டம் படிப்பிச்சது இந்த மனுசன். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் நீ. போய்த் தலைமயிரை வழிச்சுப்போட்டு வா."

பஞ்சலிங்கம் தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு தம்பிராசாவைக் கூட்டிக்கொண்டு பின்படலையால் போய்க் காரில் ஏறினான். போனவன் போனவன்தான்.

பறை முழங்கியது. பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவர்களில், மடத்தில் வரிசையில் நின்றுவிட்டு இடையில் திரும்பியவன் தில்லைநாதன். முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கனகசபாபதியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, பறைச் சத்தம் கேட்டு நான் வரிசையை விட்டு வெளிக்கிட, பஞ்சலிங்கம் காரிலை வந்து இறங்கினான். கோயில் வீதியிலை, பச்சைச் சால்வையோடை. வரிசையிலை நிண்ட கிழவர் ஒருத்தர் கேட்டார், 'தம்பி, உங்கடை வளவிலையோ பறை அடிக்குது?' எண்டு. 'இல்லை அப்பு, அது வேறை ஆருக்கோ' எண்டான்."

"வேறை ஆருக்கோ எண்டானோ?"

"ஓம் அண்ணை. சிரிச்சுக்கொண்டு."

கனகசபாபதி சவரம் செய்பவரைக் கூப்பிட்டுத் தாமே பலகையில் உட்கார்ந்தார்.

அன்று பின்னேரம் கோயில் வீதியில் நடந்தது இதுதான். வராது என்று பஞ்சலிங்கம் கணக்குப் போட்ட சனம் வெளுத்த வேட்டியும் சேலையுமாய், கூட்டமாய் வந்து, வீதியில் நடந்து, வாக்குப் போட்டுவிட்டுப் போனது. வீதி இடிந்து விழவில்லை. பஞ்சலிங்கத்துக்குப் போடவென்று வந்திருந்த சைவக் கிழவர்களோ, பறை கந்தப்புவுக்குத்தான் என்று அறிந்து, அதை இல்லையென்று சொல்லித் துடக்கோடு வீதியில் நின்றவனைக் கண்ட பிறகு சிவப்புப் பெட்டியைத் தேடிப் போனார்கள். மலாயாக்காரர் வென்றார். வென்றதற்கு அவர் செய்தது எதுவுமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முப்பத்தாறாம் ஆண்டில் அடுத்த தேர்தல் வந்தது. தொகுதி பெரியது, கடற்கரைக் கிராமங்களுக்கு இந்த ஊரின் சங்கதி தெரியாது. அங்கே மேடைக்கு மேடை பஞ்சலிங்கம் கண்ணைக் கசக்கினான். வளர்த்த பெரியப்பனின் பிணத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கதிரையை இழந்தவன் தான் என்றான். சனம் மூக்கைச் சிந்தியது. வென்றான். இன்றைக்கும் அவனுடைய ஆட்கள், வாக்கெடுப்பு நாளில் மொட்டைத் தலையோடு சுடலைக்குப் போய்க் கந்தப்புவுக்குக் கொள்ளி வைத்தவர் எங்கள் புரொக்டர் என்று சொல்லித் திரிகிறார்கள்.

அது பொய். பஞ்சலிங்கம் அன்று சுடலைக்கு வரவில்லை. கொள்ளி வைத்தவர் கனகசபாபதி.