எதெல்ரெட்டின் இடத்தில் நான்

எதெல்ரெட் மன்னனின் இடத்தில் நான் இருந்திருந்தால் இங்கிலாந்து டேனியர் கையில் சிக்கியிருக்காது. விளையாட்டாகச் சொல்லவில்லை. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு வகுப்பில், முப்பத்தெட்டுப் பேர் முன்னிலையில் இதைக் கட்டுரையாகவே வாசித்தேன்.

டென்மார்க்குக் கொள்ளைக்காரர்களான டேனியர் கப்பலில் வந்து, "வெள்ளி கொடு, போய்விடுகிறோம்" என்றார்கள். 991இல் எதெல்ரெட் பத்தாயிரம் பவுண்டு வெள்ளி கொடுத்தார். போனார்கள். 994இல் திரும்பி வந்தார்கள், பதினாறாயிரம். கடைசியில் ராஜாவே நாட்டைவிட்டு ஓடினார். 'கொள்ளைக்காரனுக்கு முதல் காசு கொடுப்பவன், அவனுடைய அடுத்த கப்பலுக்குப் பாய் தைத்துக் கொடுக்கிறான்' என்று முடித்திருந்தேன். பின்பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள்.

அந்த வாரமே, 1999 ஜூனில், திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து வலியசாலைக்கு வீடு மாறினோம். மைதீன் அண்ணனின் டெம்போவில் அம்மாவின் தையல் மிஷின். அதன்மேல் அட்டைப்பெட்டியில், மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்கவேண்டிய இருபத்திரண்டு ரவிக்கைகள். தார்ப்பாய் இல்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

புதுவீட்டு வாசலில் சுமை இறக்கும் யூனியனைச் சேர்ந்த, நீலச்சட்டை போட்ட ஆறு சுமட்டுத் தொழிலாளிகள் நின்றிருந்தார்கள். தலைவர் பெயர் சிவதாணு.

"நாங்களே இறக்கிக்கிடுவோம் அண்ணாச்சி" என்றேன்.

"இறக்கிக்கோ தம்பி. ஆரு வேண்டாம்னா? நோக்குகூலி முந்நூறு, கேட்டோ."

"தூக்குறது நாங்க. உங்களுக்கு எதுக்குக் கூலி?"

"நோக்குறதுக்கு. ஆறு பேரு நின்னு பாக்கண்டாமா?"

நான் டெம்போவுக்கு முன்னால் போய் நின்று டேனியர் கதையை முழுவதும் சொன்னேன். சிவதாணு தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"வெள்ளி வாங்கிட்டுப் போனவன் பின்னயும் வந்தானா?"

"வந்தான்."

"வருவாம்லா" என்றார், தொழிலில் மூத்தவர்களுக்குரிய மரியாதையோடு. "குடுக்காட்டி?"

"ஊரை எரிச்சான்."

"சே, நாங்க அப்படியொண்ணும் செய்யமாட்டோம். வண்டிக்குப் பின்னால இப்படி இருப்போம். அவ்வளவுதான்."

ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பின்கதவைத் திறக்க வழியில்லை. முதல் துளி அட்டைப்பெட்டியில் விழுந்தது.

"அண்ணே, அந்த ராஜாகிட்ட தார்ப்பாயாவது இருந்துச்சா?" என்றாள் தங்கை ஷிஜா.

"குடுத்துத் தொலை மக்கா" என்றாள் அம்மா. "ரவிக்க நனைஞ்சா அந்தக் கல்யாண வீட்டுப் படிய நான் எந்த மூஞ்சியோட ஏறுவேன்?"

அம்மா பர்ஸைத் திறந்து, என்னைப் பார்க்காமல் முந்நூறு ரூபாயைச் சிவதாணுவிடம் நீட்டினாள். நான் தடுக்கவில்லை. தடுப்பதற்குக் கை ஒழியவில்லை. பெட்டியின்மேல் என் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மிஷினை நானும் ஷிஜாவும் தூக்கினோம். ஆறு பேரும் நேர்மையாக நோக்கினார்கள். "படி உண்டு, மெல்ல, மெல்ல" என்று சிவதாணு வழிகாட்டவும் செய்தார். ரவிக்கைகள் நனையவில்லை.

மைதீன் அண்ணன் இரண்டாவது நடைக்குக் கிளம்பினார்.

"அதுல என்ன வருது?" என்றார் சிவதாணு.

"பீரோ, கட்டில்."

"அப்போ ஐந்நூறு."

"இப்போ முந்நூறுதானே வாங்குனீங்க?"

"பீரோ பெரிசில்லே தம்பி? கூடுதல் நேரம் நோக்கணும்."

994 என்று சொல்ல வாயெடுத்தேன். மழை வலுத்தது. உள்ளே போய், ஈரச்சட்டையை உதறிப் போட்டுக்கொண்டேன். புத்தகப் பையில் பரீட்சைக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தேன். அம்மா பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். டெம்போ இன்னும் தெருவுக்குள் திரும்பியிருக்கவில்லை.