தேவதாருவுக்குப் போர்த்திய கம்பளிகள்

எங்கள் அலாஸ்காக் கரையில் இப்போது குளிர்காலமே தலைகீழ். முன்பெல்லாம் இடுப்பளவு பனி கொட்டி, மஞ்சள் தேவதாருவின் வேர்களை மூடிக் காப்பாற்றும். இப்போது மழைதான். நடுவில் திடீரென்று உறைகுளிர் வந்து வெறும் வேரைக் கடிக்கிறது. சரிவில் பாதி மரங்கள் செத்து வெளுத்து நிற்கின்றன. பூமி சூடாவதால் மரம் குளிரில் சாகிறது என்றால் யார் நம்புவார்கள்?

என் கணவன் டெல்மர் நம்பினான். அதுதான் வினை.

போன குளிர்காலத்தில் என் தாய்மாமனுக்கு நினைவு விருந்து. நாங்கள் அண்டங்காக்கை வம்சம். விருந்து வைத்தால் எதிர்வம்சமான கழுகுக்காரர்களுக்குக் கம்பளி கொடுத்தே ஆகவேண்டும். டெல்மரும் கழுகுதான். விருந்தன்று காலை, கம்பளிகளை அடுக்கி வைத்திருந்த அறையைத் திறந்தால் ஒரு கம்பளியும் இல்லை.

"கம்பளியெல்லாம் எங்க?"

"மரத்துக்குக் குளிருமேன்னு போத்திவிட்டேன்."

"உன் மூளையையும் சேத்துப் போத்திட்டியா?"

கொல்லைக்கு ஓடினேன். அங்கிருந்த தேவதாருவின் அடியில், கம்பளிகளின் மேல் ஒரு பழுப்புக் கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மழை புகுந்த குகையை விட்டு வந்திருக்கிறது. கரடியை எங்கள் ஊரில் யாரும் திட்டமாட்டோம், எங்கிருந்தாலும் அதன் காதில் விழுந்துவிடும். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"பெரியவரே, அந்தச் சிவப்பு ஒண்ணையாவது குடுங்களேன்."

அது புரண்டு, சிவப்பை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

மாலையில் மண்டபத்தில் வெறுங்கையோடு நின்றேன். மாமன் பெயரில் வைத்த விருந்தில் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். உலர்ந்த சால்மனை மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றுவிட்டன. டெல்மரின் அக்கா ரமோனா எழுந்தாள். அவள் தோளில் கரடி உருவம் தைத்த போர்வை.

"கரடி கறுப்பா, பழுப்பா?"

"பழுப்பு, அண்ணி."

"அப்ப எங்க ஆளு. கழுகு வம்சத்துல எங்க குலத்துக்குச் சின்னமே அவருதான. கம்பளி சேர வேண்டிய இடத்துக்குச் சேந்தாச்சு, நீ உக்காரு. ஒருத்தருக்குக் கூட விடாம எல்லாத்தையும் அவரே அமுக்கிட்டாரு, எங்க குடும்பப் புத்தி அப்படியே இருக்கு."

மண்டபமே சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.

வசந்தத்தில் கரடி போனது. தேவதாரு பச்சையாக நின்றது. கம்பளிகளைத் துவைக்க எடுத்தபோது டெல்மர் மறித்தான். "விருந்தாளிக்குக் குடுத்தத திருப்பி வாங்குவியா?"

இந்த வருடமும் பனி இல்லை. நேற்று கரடி வந்து, மட்கிய கம்பளிகளை முகர்ந்துவிட்டு எங்கள் ஜன்னலையே பார்த்தது. மரத்தையும் பார்த்தேன். எங்கள் படுக்கைக் கம்பளியை உருவிக்கொண்டு வாசலிலிருந்து வீசினேன்.

"எனக்குக் குளிருமேடி" என்றான் டெல்மர்.

"உனக்கென்ன வேரா இருக்கு?"