பதினாலாவது கேள்வி

“கட்டுரையில முதல் பேரு என்னோடது வரணும், மேடம்.”

எதை வேண்டுமானாலும் கேள், பெயர் வரிசையை மட்டும் கேட்காதே என்று இந்தத் துறையில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். விடுப்புக் கேட்கலாம், உடையாத நாற்காலி கேட்கலாம். பெயர் வரிசையைக் கேட்டவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை என்று சீனியர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர்தான் என் ஆய்வு நெறியாளர். நிறுவனங்களின் தலைமைப் பதவிகளில் பெண்கள் ஏன் இத்தனை குறைவு என்று இருபது வருடமாக எழுதிவருபவர். பக்கத்தில் சீனியர், மேடத்தின் பழைய மாணவர், இப்போது இதே துறையில் உதவிப் பேராசிரியர், புள்ளிவிவரப் புலி.

“எந்தக் கட்டுரையில?” என்றார் மேடம்.

“இன்னைக்கு அஞ்சு மணிக்கு இதழுக்குப் போகப்போற கட்டுரையிலதான்.”

“பதினாலு, காலையில சாப்பிட்டியா இல்லையா?” என்றார் சீனியர்.

பதினாலு என்பது நான். இரண்டு வருடத்துக்கு முன் இதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேள்விப் பட்டியல் தயாரித்தோம். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற மேலாளர்களைச் சந்தித்துக் கேட்கப் பதின்மூன்று கேள்விகள்: என்ன படிப்பு, எத்தனை வருட அனுபவம், யார் சிபாரிசு, இப்படி. நான் இன்னொன்று சேர்க்கச் சொன்னேன்: “இந்த வேலையை உங்களுக்குக் கத்துக்கொடுத்தது யாரு? அவங்க இப்ப என்ன பதவியில இருக்காங்க?”

“இது என்ன, பள்ளிக்கூட ஆண்டு மலரா?” என்று சீனியர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேடமும்தான். “கடைசியில போட்டுக்கோ. நேரம் இருந்தா கேளு” என்றார். அன்றிலிருந்து என் பெயர் பதினாலு.

அந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறாள். நான்கு சூப்பர்வைசர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறாள். நான்கு பேரும் ஆண்கள். வந்த முதல் மாதம் அவளை ‘அக்கா’ என்பார்கள். இரண்டாம் மாதம் ‘ஏம்மா’. மூன்றாம் மாதம் ‘ஏய், ஏழாம் லைன்’. ஏன் உன்னை சூப்பர்வைசர் ஆக்கவில்லை என்று கேட்டால், “யாருடி கேக்கறது? நானா?” என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

ஒன்பது நிறுவனங்கள், இருநூற்று ஆறு மேலாளர்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரையும் பார்த்தது நான். முதல் பதின்மூன்று கேள்விகளுக்கு மனப்பாடம் செய்ததுபோல் பதில் சொன்னார்கள். பதினாலாவதில் நின்றார்கள். ஒரு காப்பீட்டு நிறுவன மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “அந்த அக்கா இன்னும் அதே சீட்டுலதாம்மா இருக்காங்க. நான் அந்தப் பக்கமா நடக்கறதையே விட்டுட்டேன்.”

இருநூற்று ஆறு பேரில் நூற்று முப்பத்தொரு பேர், தங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண் என்றார்கள். அந்தப் பெண்களையும் தேடிப் போனேன். மேலே போனவர்கள் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இப்போது கட்டுரையே அதுதான். பழைய பதின்மூன்று கேள்விகளும் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிட்டன.

நேற்று இறுதி வடிவம் எனக்கு வந்தது. முதல் பெயர் மேடம். இரண்டாவது சீனியர். மூன்றாவது, வேறொரு பல்கலைக்கழகத்தின் பெரிய பேராசிரியர். பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காதவர். கடைசிப் பக்கத்தில், களப்பணியில் உதவிய மாணவிக்கு நன்றி. கூடவே ஒரு படிவம். நன்றி சொல்லப்படுகிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அந்த இதழின் விதி. அதை வாங்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“கேள்வி கேக்கறது வேற, ஆய்வு பண்றது வேற” என்றார் சீனியர். “அட்டவணை பூரா நான் போட்டது.”

“போட்டீங்க. எதை வெச்சு? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு.”

“பாத்தீங்களா மேடம் வாயை!”

“நீ கொஞ்சம் வெளியில இரு” என்று மேடம் அவரிடம் சொன்னார். கதவு சாத்தியதும் குரல் தணிந்தது. “உக்காரு.”

நான் நின்றேன்.

“பதினோரு வருஷம் நானும் நன்றிப் பக்கத்துல கிடந்தவதான். என் நெறியாளரோட ரெண்டு புத்தகம் என் கையெழுத்துல இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் இன்னைக்கு இந்த நாற்காலி.”

பொய் இல்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

“உங்க நெறியாளர்கிட்ட பதினாலாவது கேள்வியைக் கேட்டிருந்தா, உங்க பேரைச் சொல்லியிருப்பாரா மேடம்?”

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: “அடுத்த கட்டுரையில ரெண்டாவது பேரு தர்றேன். இதுல வேணாம். பெரிய பேரு முன்னாடி இருந்தாத்தான் படிப்பாங்க. உன் பேரு யாருக்குத் தெரியும்?”

“போட்டாத்தானே தெரியும்.”

“நன்றியிலேருந்து உன்னை எடுத்துட்டா இந்தக் கையெழுத்தே தேவையில்ல. தெரியும்ல?”

“தெரியும். அப்ப இதழாசிரியருக்கு நானே எழுதுவேன். அன்னைக்கு ராத்திரியே பதினாலாவது கேள்வியை எழுதி உங்களுக்கு அனுப்பின மெயில், நீங்க போட்ட பதில், எல்லாம் தேதியோட இருக்கு.”

“எழுது. அப்புறம் எவன் உனக்குச் சிபாரிசுக் கடிதம் தர்றான்னு பாக்கலாம்.”

பயமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேடத்தின் ஒரு கடிதம் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ. அம்மா கண் மங்கிப்போய், ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மிஷின்காரியைக் கூப்பிடுகிறாள்.

இதையெல்லாம் காலையில் பேருந்திலேயே நினைத்துப் பார்த்துவிட்டேன்.

“நெறியாளரை மாத்தச் சொல்லி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் மேடம் மாடி ஏறினேன். பேரைப் போட்டா அதைத் திரும்ப வாங்கிக்கலாம்னு நெனச்சேன்.”

மேடம் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “முட்டாள்தனம் பண்ணாத. யோசிச்சுச் சொல்லு.”

அவர் பேனாவையே எடுத்து, படிவத்தில் சம்மதம் என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி, அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

“உக்காருன்னு சொல்றேன்ல!”

கதவைத் திறந்தேன். சுவரோரம் காதைக் கொடுத்து நின்ற சீனியர் சட்டென்று விலகினார். மணி மூன்றேகால். ஐந்துக்குள் இதழாசிரியருக்கு எழுத நூலகத்தில் ஏதாவது ஒரு கணினி காலியாக இருக்கும். படிகளில் இரண்டிரண்டாக இறங்கினேன்.