ஒரு கை குறைகிறது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த எம்.எல்.ஏ.வுக்குச் சட்டைக்குள் கை நுழையவில்லை. ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்தது. மகள் இரண்டு முறை முயன்றுவிட்டு நிறுத்தினாள்.

"முதுகுப் பக்கம் வெட்டிடும்மா. கேமரா முன்னாடிதானே" என்றார் கொறடா. ஆளுங்கட்சி உறுப்பினர்களைச் சபைக்குள் ஓட்டிக்கொண்டு வருவது அவர் வேலை. இன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒரு கை குறைந்தாலும் ஆட்சி போய்விடும்.

பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். மகள் வெட்டினாள்.

"இந்த நிலைமைல கொண்டு போனா திரும்பி வரமாட்டாரு" என்றார் டாக்டர்.

"இவரு வரலேன்னா நாங்க யாருமே திரும்பி வரமாட்டோம் டாக்டர்" என்றார் கொறடா.

மகள் குனிந்தாள். "அப்பா, வேணாம்னா கண்ணை மூடுங்க. நான் தடுத்துடுறேன்."

இமைகள் மெல்ல இறங்கின. அதற்குள் கொறடா மறு காதருகே குனிந்துவிட்டார். "அண்ணே, தலைவரே சொல்லிட்டாரு. இன்னைக்கு ஜெயிச்சா நாளைக்கு நீங்க மந்திரி."

மூடப்போன கண்கள் அகல விரிந்தன.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மூன்று கட்சி மாறியவர். சட்டைப்பையில் இருந்த தலைவரின் படம்தான் மாறியது, இவர் சிரிப்பு மாறவில்லை. மந்திரிசபை அறிவிக்கும் நாள்களில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "லைன்ல வருவாங்கடி" என்று எரிந்து விழுவார். அம்மா செத்த அன்றுகூட, இழவுக்கு வந்த தலைவரைத் தனியாக அழைத்துப்போய் இலாகா கேட்டார். அவருடைய தொகுதி அலுவலகத்தைக் கட்டி மேய்த்த மகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் ஆக்சிஜன் மூடியை முகத்தில் மாட்டி, சக்கர நாற்காலியை அவள்தான் தள்ளினாள்.

சபைக்குள் அவளை விடவில்லை. மேலே, பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தாள்.

"பொணத்தையும் ஓட்டுப் போடக் கூட்டிட்டு வந்துட்டாங்கப்பா!" என்றார் எதிர்வரிசைக்காரர் ஒருவர். எதிர்க்கட்சி சிரித்தது. அப்பாவின் பக்கத்திலும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கும்படி சபாநாயகர் சொன்னார். எல்லாக் கைகளும் எழுந்தன. அப்பாவின் கை மடியிலேயே கிடந்தது. கொறடா பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்தார்.

"தொடாதே! தானா தூக்கட்டும்!" எதிர்க்கட்சி கத்தியது.

கொறடா கையை எடுத்துக்கொண்டார். சபை அடங்கியது. அப்பாவின் கை நடுங்கி நடுங்கி எழும்பியது. வெட்டிய சட்டை முன்பக்கம் சரிய, வெற்று முதுகு மேலே இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

ஆட்சி பிழைத்தது. அவள் படியிறங்கி ஓடி வருவதற்குள், தலைவர் வரும் வழி என்று சக்கர நாற்காலியைத் தாழ்வாரத்து ஓரத்தில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

"ஆம்புலன்ஸ் எங்க சித்தப்பா?" கொறடாவைக் கேட்டாள்.

"வெளிய அனுப்பியிருக்கோம். தலைவர் காருக்கு இடம் வேணும்ல. அவர் கிளம்பட்டும்மா."

தலைவர் வந்தார். ஒவ்வொரு தோளாகத் தட்டிக்கொண்டே போனார். அப்பாவின் கண்கள் அவர் பின்னாலேயே வாசல்வரை போயின. தலைவர் திரும்பவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் மண்டியிட்டு, மூடியைத் தூக்கி அப்பாவின் வாயோரத்தைத் துடைத்து மறுபடி மாட்டினாள். மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் மூடியில் படரும் ஆவியைக் காணோம். கொறடாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

அவர் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மூச்சு விடாதே. இப்பத் தெரிஞ்சா, செத்தவன் ஓட்டு செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போயிடுவானுங்க. ஆஸ்பத்திரில போய்ச் சாகட்டும்."

அவள் எழுந்தாள். கத்திவிடுவாளோ என்று அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். குனிந்து அவள் காதருகே வந்தார்.

"இடைத்தேர்தல்ல உன் பேரைத்தாம்மா சொல்லப் போறேன். தலைவர்கிட்ட பேசியாச்சு."

அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். தலை சாயாமல் இருக்கத் தன் பையை மடித்துக் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

வாசலில் வெடி வெடித்தது. இனிப்புத் தட்டோடு ஒரு தொண்டர் ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே வந்தார்.

"ஐயாவுக்குத்தான் முதல்ல தரணும். ஐயா! ஐயா!"

"சத்தம் போடாதீங்க" என்றாள். "அப்பா தூங்குறாரு."

"அப்ப நீங்க எடுத்துக்கங்கம்மா."

காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.