சுமை இறங்கும்வரை

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அவள் டீ டம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிடங்கின் கம்ப்யூட்டர் 'இருக்கியா' என்று கேட்டிருந்தது. இவளுடைய சர்வர் 'இருக்கேன்' என்று சொல்லியிருந்தது. அவ்வளவுதான். அன்றைய பொழுதைத் தள்ள அவளுக்கு அந்தத் தெம்பு போதும்.

குளிர்பதனக் கிடங்கில் அவளுக்கு வேலை, பெயர்களைக் கட்டி மேய்ப்பது. எடைமேடை, கேட், கிரேன் எல்லாம் தங்களுக்கு ஆகவேண்டியதைச் சர்வரிடம் பெயர் சொல்லித்தான் கேட்கும். எடை பதி, கேட்டைத் திற என்று. பதிவில் அந்தப் பெயர் இருந்தால் காரியம் நடக்கும். இல்லாவிட்டால் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் போகும். புதுப் பெயரைச் சேர்ப்பதும் செத்த பெயரை எடுப்பதும் அவள் பொறுப்பு. அப்பா இதே கிடங்கில் மூட்டை தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போனவர். மகள் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்று அவருக்கு ஏகப் பெருமை.

'இருக்கியா'வும் அப்படிப் பதிவில் இருந்த ஒரு பெயர்தான். அதை எழுதியவன் நெட்டையன். முன்பு இவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். லைன் கிடைக்கிறதா என்று சோதிக்க விளையாட்டாக எழுதினான். அக்கரையில் பெரிய வேலை கிடைத்ததும், "நீயும் வாயேன்" என்றான். சட்டை பட்டனைக்கூடத் தானே போட முடியாத அப்பாவை விட்டு எங்கே போவது? அந்த எரிச்சலில், "போறவன் போ. அங்க போய் எனக்கு ஃபோன் பண்ணாத" என்றுவிட்டாள். பாவி, சொன்னபடியே ஃபோன் பண்ணவில்லை. ஆனால் போன மறுநாளிலிருந்து தினமும் காலையில் இது.

மேனேஜர் வந்து நின்றார். "ஏம்மா, வேலைக்கு ஆகாத பேரையெல்லாம் தூக்கச் சொன்னேனே?"

"தூக்கிட்டேன் சார். ஒண்ணுதான் பாக்கி."

"அது என்ன, உங்க வீட்டு மாப்பிள்ளையா? தூக்கும்மா."

சாப்பாட்டு நேரத்தில் கிரேன் ஓட்டுகிற அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"தினமும் கேக்கறான்னா, மனசுல ஏதாச்சும் இருக்கத்தானே செய்யும்ணே?"

"சங்குகூடத்தான் தினமும் ஊதுது. உன்னை நெனச்சா ஊதுது?"

அன்றே பெயரை எடுத்தாள். எடுத்தால் மட்டும் போதாது. சர்வரை நிறுத்திக் கிளப்பும்வரை அது பழைய பெயருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் கிரேனும் நின்றுவிடும் என்பதால் கொக்கியில் சுமை தொங்காத நேரமாகப் பார்க்க வேண்டும். பார்த்தாள். நிறுத்தினாள். கிளப்பினாள். பதில் கிடைக்காவிட்டால் ஃபோனாவது பண்ணமாட்டானா என்ற நப்பாசை உள்ளே கிடந்து அரித்தது.

மறுநாள் சங்கு ஊதியது. 'இருக்கியா.' 'அப்படி ஒரு பெயர் இல்லை.' ஃபோனை மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தாள். அது சவம் மாதிரிக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அதே சங்கு, அதே கேள்வி, அதே பதில். கேட்டது மெஷின். எப்போதோ முடுக்கிவிட்டுவிட்டு அவன் மறந்தே போயிருப்பான். இத்தனை நாளும் ஒரு கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில், உச்சி வெயிலில் லாரிகள் வரிசைகட்டி நின்றபோது திரையில் ஒரு வரி வந்தது. 'இருக்கியா.' சங்கு ஊதவில்லை. ஷிப்டு மாறும் நேரமும் இல்லை. இல்லை என்று பதில் போனது. உடனே இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. நெடுநேரம் கழித்து மறுபடியும் 'இருக்கியா.' மெஷின் இப்படித் தயங்காது.

பெயரைத் திரும்பப் பதிவில் சேர்த்தாள். இனி சர்வரை நிறுத்திக் கிளப்ப வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொக்கியில் ஒரு பெரிய சுமை. கீழே நான்கைந்து பேர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள், அப்பா ஒரு காலத்தில் நின்றதைப் போல.

"அண்ணே! எறக்குங்க! சீக்கிரம் எறக்குங்க!"

"இரு தாயி, ஆளுங்க நிக்கறாங்க!"

சுமை ஆடியபடி மெல்ல, மிக மெல்ல இறங்கியது. அவள் விரல் சர்வரை நிறுத்தும் பட்டன்மேல் இருந்தது. பின்னால் திரையில் இன்னொரு வரி ஏறியது.