இடது தோளில் ஒரு வெள்ளைத் திட்டு

அந்த பஸ் டிரைவருக்கு வண்டி ஓட்டும்போது இருக்கிற நிதானம் வாயைத் திறக்கும்போது இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான். தங்கை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. கன்னமெல்லாம் பருவோடு தண்ணீர் கொண்டுவந்த மகளைப் பார்த்து, "நாள் பூரா குண்டும் குழியுமான ரோட்டுல ஓட்டிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தாலும் அதே ரோடுதான்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். குவளையை வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு அப்பா கேட்டதற்குப் பதில், அவ்வளவே.

முன்பெல்லாம் அப்படியா இருந்தாள்? சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து அவர் யூனிஃபார்மோடு சோபாவில் விழுந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து இடது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளப்பாள். தோள் வலிக்கிறது என்று அவர் அலுத்துக்கொள்வாரே தவிர, இம்மிகூட நகர மாட்டார். இப்போது அந்தத் தோள் சும்மா கிடந்தது.

மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் கேட்டிருப்பார். அதை விட்டுவிட்டு, கிருமிநாசினி சோப்பு அரை டஜன் வாங்கி வந்து மகளின் மேஜையில் வைத்தார். டிப்போவில் கிரீஸ் கையையே அதில்தான் கழுவுகிறார்கள், பரு எம்மாத்திரம் என்பது அவர் கணக்கு. அவளும் ரோஷத்தில் தேய் தேயென்று தேய்த்தாள். முகம் காய்ந்து, தோல் உரிந்து, எரிச்சல் தாங்காமல் அழுதாள். "உங்க வாயும் போதும், உங்க வைத்தியமும் போதும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு, மகளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மருத்துவர் முதல் வேலையாகச் சோப்பை நிறுத்தினார். பரு அழுக்கால் வருவதில்லையாம், தேய்த்தால் போகிற சமாச்சாரமும் இல்லையாம். தினமும் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். கூடவே சாயங்காலம் முகம் கழுவிப் பூச ஒரு ஜெல். வெறும் மாத்திரையை மட்டும் விழுங்கினால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், அதனால் ஜெல்லை விடக்கூடாது என்றார். ஜெல் பட்டால் துணி சாயம் போய்விடும், வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும்தான் சரி என்றும் சொன்னார். மனைவி இதையெல்லாம் ஒப்பித்தபோது டிரைவர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

வாரங்கள் ஓடின. பரு மெல்ல அடங்கியது. மகளின் பேச்சு மட்டும் திரும்பவில்லை. இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டாள் என்று அவர் மனதுக்குள் தீர்மானமே பண்ணிவிட்டார்.

ஒருநாள் காலை டிப்போவில் சூப்பர்வைசர் அவரை நிறுத்தி, சட்டையை ப்ளீச்சிங் பவுடரிலா துவைக்கிறாய் என்று கேட்டார். டிரைவர் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். கருநீலத் துணியில், இடது தோளில் மட்டும், ஒரு கன்னத்தின் அகலத்துக்கு வெளுத்திருந்தது. ஒருநாள் பட்டு வந்த வெளுப்பு இல்லை அது. அவர் சோபாவில் கண் அயரும் சாயங்காலங்களில், ஜெல் பூசிய கன்னத்தோடு தினமும் வந்து சாய்ந்துவிட்டு, அவர் விழிக்கும் முன்னே எழுந்து போயிருக்கிறாள். அடி கள்ளி! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் பயந்துபோய், திட்டவில்லையப்பா, ஸ்டோரில் வேறு சட்டை வாங்கிக்கொள் என்று சமாதானப்படுத்தினார்.

அன்று சாயங்காலம் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். இடது தோளில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, சோபாவில் கண்ணை மூடினார். குளியலறைக் குழாய் நின்றது. காலடி பக்கத்தில் வந்தது. துண்டைப் பார்த்திருப்பாள், வெகுநேரம் அசைவில்லை. போய்விடுவாளோ என்று அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு, அந்தக் கனம் தோளில் இறங்கியது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா கண்ணு. தப்புதான்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவள் மூக்கை உறிஞ்சினாள். தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"தூங்குறவங்க பேச மாட்டாங்கப்பா. குறட்டை விடுங்க."

டிரைவர் குறட்டை விட்டார்.