பச்சை பொறுக்காத கண்

வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவி தேவிப்பிரியாவின் சோளம் ஆளுயரம் நின்றது. இந்தப் பக்கம் மயிலாத்தாளின் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு கலந்த ஓடைநீரை இறைத்துத்தான் தேவிப்பிரியா அதை விளைவித்தாள். மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கிணற்றில் கற்கண்டாய் இனிக்கும் நீர் கொஞ்சமாக ஊறுவதே அவளுக்கு அவமானமாகப் பட்டது.

அவளும் ஓடையில் மோட்டாரை இறக்கிய அன்று தேவிப்பிரியா வரப்புக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, வேண்டாமுங்க. எங்க தோட்டத்துல இப்ப உப்புப் பூக்குதுங்க.”

“ஏங்கண்ணு, பச்சையை உனக்கு மட்டும் பட்டாப் போட்டுக் குடுத்திருக்குதா?”

பொறாமையின் காதுக்கு எச்சரிக்கையும் பொறாமையாகவே கேட்டது. முதல் வெள்ளாமை செழித்தது. மூன்றாவது வெள்ளாமைக்கு விதையே முளைக்கவில்லை. சுண்ணாம்பு தெளித்ததுபோல் மண் வெளுத்துக் கிடந்தது.

தன் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் முன்பே மயிலாத்தாள் வரப்பேறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கும் ஒரு புல் இல்லை. அப்பாடா என்று அவள் நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியோடு கிணற்றடிக்கு வந்து, ஒரு வாளி சேந்தி, கை நிறைய அள்ளிக் குடித்தாள். தண்ணீர் கரித்தது.